கடல் கடந்து கற்கச் செல்லும் மாணாக்கர்க்கு

விழாமலர்க் குழுவினர் எம்மை அணுகிப் பழந்தமிழ் நூல்களிற் கல்வி என்னும் பொருள்பற்றி ஒரு கட்டுரை வரைந்து தருமாறு கேட்டனர். அப்பொருளில் எழுத வல்லார் பலர் உளர். எழுதப்பட்டனவும் பல உள. ஆதலின் குழுவினரின் இசைவு பெற்று வேறொரு பொருளை ஈண்டு எடுத்துக்கொண்டோம். அது சோறு சமைத்தல், போர்வை போர்த்தல், வாடகை கொடுத்தல் என்பன போன்ற சிறு விடயங்களைப் பற்றியது. தமிழாசிரியர் எழுதத் தக்க பொருளோ இது என்று சிலர் நகைக்கலாம். நகைப்போர் இறுதிவரை வாசிப்பாராக.

சிலாபம் தொடக்கம் கற்பிட்டி வரையுள்ள எமது கரையோரத்திற் பிறந்த பிள்ளைக்கு ஒரு காலத்திற் கொழும்பு செல்வதே தூரதேசப் பயணமாக இருந்தது. புகைவண்டியேறிப் போனவன் வெள்ளிக்கிழமை மாலையில் திரும்பிவிடுவான். தாய் கொடுத்துவிட்ட கருவாட்டுப் பொதி அடுத்த வாரம் வரை போதும். இன்றோ எமது கல்லூரியின் பழைய மாணவர் இலண்டனிலும் மெல்பேணிலும் றொறன்ரோவிலும் யப்பானிலும் பரந்துள்ளனர். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்த மறுவாரமே பெற்றோர் எம் வீட்டு வாயிலுக்கு வந்து, "சேர், பிள்ளையை வெளிநாட்டுக்கு விடலாமா?" என்று கேட்கின்றனர். விடலாமா என்பதற்கு விடை கூறுவது எளிது. விட்டபின் அப்பிள்ளை அங்கே எவ்வாறு வாழும் என்பதற்கு விடை கூறுவோர் இலர்.

கல்வியின் பொருட்டுப் பிரிதல் தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் பிரிவுக்குரிய காரணங்களைக் கூறுமிடத்து ஓதலையே முதலில் வைத்தார். கற்பியலில் அப்பிரிவுக்கு எல்லையும் வகுத்தார். மூன்றாண்டைக் கடத்தலாகாது என்பது அவர் கருத்து. இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இளமாணிப் பட்டப்படிப்புப் பெரும்பாலும் மூன்றாண்டாகவே இருத்தலைக் காணும்போது எமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டாவது வழக்கம். ஆயின் அவ்வாறு பிரிந்தவன் சென்ற ஊரில் எதனை உண்டான், எங்கே உறங்கினான், நோயுற்றபோது யாரிடஞ் சென்றான் என்பனவற்றை எம் இலக்கியங்கள் சொல்லவில்லை. அகப்பாடல்கள் போகும் வழியின் வெம்மையைச் சொல்லும். வீட்டில் இருப்பவளின் கண்ணீரைச் சொல்லும். போய்ச் சேர்ந்த ஊரின் குளிரைச் சொல்லமாட்டா. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்புப் பணியை நாம் பாடமாகக் கற்பிக்கின்றோம். கடல் கடந்து சென்னையில் அவர் எவ்வாறு குடியமர்ந்தார் என்பதை எந்த மாணவனும் எம்மிடங் கேட்டதில்லை. நாமும் சொல்ல நினைத்ததில்லை.

நிற்க. இப்பொருளின் கனத்தை நன்கு உணர்த்தவல்லது கணிதமேதை சீனிவாச இராமானுசனின் வரலாறு. கும்பகோணத்தில் வளர்ந்த அவர் 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆந் தேதி சென்னையிற் கப்பலேறி, ஏப்பிரில் நடுப்பகுதியில் இலண்டனை அடைந்து, கேம்பிரிட்சுத் திரினிற்றிக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே அவருடன் நட்புக்கொண்ட வங்காள மாணவர் ஒருவர் இருந்தார். பிற்காலத்திற் புள்ளிவிவர இயலிற் பெரும்புகழ் பெற்ற மகலனோபிசே அவர். இரவிற் குளிர் தாங்க முடியவில்லை என்றும், மேலங்கியை அணிந்து சால்வையையும் போர்த்தே உறங்குவதாகவும் இராமானுசன் அவரிடம் ஒருநாட் கூறினார். போர்வைகள் போதாவோ என்று ஐயுற்ற நண்பர் படுக்கையறைக்குச் சென்று பார்த்தார். போர்வைகள் பல இருந்தன. அவை மெத்தையின் ஓரத்திற் செருகப்பட்டு மேல்விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றை உருவி எடுத்து உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பதை அந்த மேதைக்கு எவருஞ் சொல்லவில்லை. அவர் மேல்விரிப்பின் மீதே படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

எண்களின் இயல்பை உலகமே வியக்கும்வண்ணங் கண்டவர், போர்வை இருந்த இடத்தைக் காணவில்லை. இதனை எண்ணுந்தோறும் எமக்குச் சிரிப்பு வருவதில்லை. மரக்கறி உணவினரான அவர் தாமே சமைத்து உண்டார். அவ்வாண்டு ஆகத்திலேயே போர் மூண்டது. வேண்டிய உணவுப்பொருள்கள் அரிதாயின. நேரந் தவறி உண்டும், உண்ணாதும், இரவு முழுதும் விழித்தும் உழைத்தவர் 1917இல் நோயுற்று மருத்துவ நிலையங்களில் மாறிமாறித் தங்கினார். 1919இல் தாயகந் திரும்பி, 1920ஆம் ஆண்டு ஏப்பிரில் 26ஆந் தேதி 32 வயதிற் காலமானார். அக்காலத்து மருத்துவர் காசநோய் என்றனர். கல்லீரலைப் பற்றிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்றும், அஃதாயின் அந்நாளிலேயே தீர்த்திருக்கக்கூடியது என்றும் 1994இல் ஒரு மருத்துவர் ஆராய்ந்து கூறினார். எதுவாயினும், அறையில் ஒருவர் உடனிருந்து "உண்டாயா, உறங்கினாயா, மருத்துவரைக் கண்டாயா" என்று கேட்டிருப்பின் வரலாறு சிறிது வேறுபட்டிருக்கும் என்பதே எமது துணிபு.

காந்தியடிகளின் வரலாறு இதற்கு மறுபுறமானது. 1888இல் இலண்டனுக்குச் சட்டம் பயிலச் சென்றபோது அவருக்கு வயது 18. செப்தெம்பர் மாத இறுதியில் வெள்ளை நிறக் கம்பளியுடையுடன் கப்பலினின்றும் இறங்கி, அவ்வாறு உடுத்தோர் தம்மையன்றி வேறொருவரும் இலர் என்று கண்டு வெட்கினார். அவர் தொடக்கத்தில் நாகரிகத்துக்குப் பணத்தை இறைத்தவரே. பின்னர் ஒவ்வொரு காசுக்குங் கணக்கெழுதி, ஓர் அறைக்குக் குடிபெயர்ந்து, ஓற்சுக் கஞ்சியையுங் கொக்கோவையும் தாமே காய்ச்சிக் குடித்து, வண்டியேறாது நடந்து, செலவைப் பாதியளவுக்கும் கீழாகக் குறைத்தார். பாரிங்டன் வீதியிலிருந்த மரக்கறி உணவகத்தைக் கண்டுபிடித்த நாளில் அவர் அடைந்த மகிழ்ச்சியைத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அதே காந்தியடிகள் 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தபோது எமது சிலாபத்திற்கும் வந்தார் என்பது மாணவர் அறியவேண்டிய செய்தி.

இனி எம் சொந்த அனுபவத்துக்கு வருவோம். இதனைச் சொல்வதற்கு நெடுங்காலம் தயங்கினோம்.

எமது மாணவன் ஒருவன் 2021 செப்தெம்பரில் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஒரு நகருக்குப் படிக்கச் சென்றான். தந்தை கடற்றொழிலாளி. தாயின் நகைகள் அடைவுக்குப் போயின. உறவினர் இருவர் வட்டிக்குக் கொடுத்தனர். முதலாண்டுக் கட்டணத்தின் ஒரு பகுதி கட்டியாயிற்று. மிகுதியை 2022 ஏப்பிரிலிற் கட்டவேண்டும். மார்ச்சு மாதத்தில் ரூபாயின் பெறுமதி சரிந்தது. டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது மே மாதத்தில் 360 ரூபாய் அளவை எட்டியதை யாவரும் அறிவர். வங்கியிற் பணமிருந்தாலும் அனுப்புதற்கு அந்நியச் செலாவணி கிடைக்கவில்லை. அதே காலத்தில் மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையேறிக் கிடந்தன. வீட்டிலிருந்து பணம் வராது என்று உணர்ந்த பிள்ளை, முன்னர் அங்குச் சென்றிருந்த ஒருவனின் சொற்கேட்டு, அவனது பதிவைப் பயன்படுத்தித் துவிச்சக்கர வண்டியில் உணவுப் பொதி கொண்டுசெல்லும் வேலையிற் புகுந்தான். பதிவு பிறனுடையது, ஆதலிற் பணமும் பிறன் கைக்கே முதலிற் சென்றது. பாதியைத் தந்தான், சில வாரம் ஒன்றும் தரவில்லை. கேட்டபோது, "அதிகாரிகளுக்குச் சொல்லிவிடுவேன்" என்று அச்சுறுத்தினான்.

அம்மாதங்களுள் ஒருநாள் இரவில் அவன் எமக்குக் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பினான். "சேர், இங்கே நல்ல குளிர். சோறு எங்கட சோறு மாதிரி இல்லை. இரவில் வேலை, படிக்க நேறம் இல்லை. அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்." நாம் அதற்கு விடையிறுத்தோம். முயற்சியுடையார்க்கு எதுவும் அரிதன்று என்று இரண்டு வரி எழுதினோம். அதன்பின், "நேரம் என்னுஞ் சொல்லில் இடையின ரகரமே வரும்; வல்லின றகரம் பிழை" என்றும் எழுதினோம். ஆறு மாதம் அவனிடமிருந்து வேறு செய்தி வரவில்லை.

இரவில் வேலை என்றால் எவ்வேலை என்று நாம் கேட்கவில்லை. தாயிடம் ஏன் மறைக்கவேண்டும் என்றும் கேட்கவில்லை. பிள்ளை எழுத்திலே விட்ட பிழை எம் கண்ணிற் பட்டது. பிள்ளை விழுந்திருந்த பள்ளம் படவில்லை.

அவனை மீட்டவர் நாமல்லோம். விரிவுரைகளுக்கு அவன் வாராமையைக் கண்ட பல்கலைக்கழகத்து மாணவர் ஆலோசனைப் பிரிவினர் அவனை அழைத்தனர். வருகை குறைந்தால் வீசா வழங்கும் அரசாங்கத் துறைக்கு அறிவிக்கும் கடமை அங்குள்ள கல்வி நிலையங்களுக்கு உண்டு. அறிவிப்பதற்கு முன்னர் காரணங் கேட்டார்கள். அவன் அழுதான், நடந்ததைச் சொன்னான். அவ்வேலையை அன்றே விட்டான். கட்டணத்தைச் சிறு தவணைகளாகக் கட்ட இணங்கினர். இடர்க்கால உதவிநிதியிலிருந்து ஒரு தொகையும் கொடுத்தனர். நேரிய முறையில் ஒரு கடையில் வேலை தேடிக்கொண்டு படிப்பை முடித்தான். இவ்வளவையும் அவன் விடுமுறையில் வந்தபோது, எம் வீட்டுத் திண்ணையில் இருந்து சொன்னான். எம் மறுமொழியைப்பற்றி அவன் ஒன்றுங் கூறவில்லை. நாமே கேட்டோம். "நீங்கள் திருத்தினது சரிதானே, சேர்" என்றான்.

அன்றுதொட்டு அயல்நாட்டிலுள்ள பழைய மாணவர் பலருக்கு எழுதி, அவர்கள் கண்டனவற்றைக் கேட்டுத் தொகுத்து வருகின்றோம். அவற்றுள் இன்றியமையாதன சிலவற்றை இனிக் கூறுதும்.

முதலாவது, பெயர். தமிழ் மாணவனுக்கு வரும் தொல்லைகளுள் இதுவே முந்தியது. எமது வழக்கிற் தந்தையின் பெயர் முன்னும் தன் பெயர் பின்னும் வரும். குடும்பப்பெயர் என்ற ஒன்று பெரும்பாலார்க்கு இல்லை. கடவுச்சீட்டிலோ இரண்டு கட்டங்கள் உள. எதனை எதில் எழுதுவது என்று அறியாது எழுதிவிட்டால், மூன்றாண்டும் விரிவுரையாளர் அவனைத் தந்தையின் பெயரால் அழைப்பர். எமது மாணவி ஒருத்தியைத் தாதியர் "திருவாளர்" என்று பலமுறை அழைத்துத் தேடியபோது, அவள் தன்னையல்ல என்று எண்ணி மருத்துவ நிலையத்தில் ஒரு மணித்தியாலம் வாளாவிருந்தாள். இது சிரித்துவிடக் கூடியது. எழுத்துக்கூட்டல் வேறுபாடு அவ்வாறன்று. பிறப்புச் சான்றிதழில் ஒருவகை, பரீட்சைச் சான்றிதழில் இன்னொருவகை, கடவுச்சீட்டில் மூன்றாவது வகை என ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தால் ஒருவனையே மூவராகக் கருதுவர். தகரத்தை ஒருவர் ஓரெழுத்தாலும் மற்றவர் ஈரெழுத்தாலும் எழுதுவதாலும், ழகரத்துக்கு ஆளுக்கொரு வழி வைத்திருப்பதாலும் வரும் கேடு இது. சாதாரணதரப் பரீட்சை விண்ணப்பம் நிரப்பும்போதே மூன்றையும் ஒப்புநோக்கல் வேண்டும். இதில் வகுப்பாசிரியரின் கவனக்குறைவே பெரும்பாலும் காரணம். எம்மையும் உட்படுத்தியே சொல்கின்றோம். சான்றிதழ்களைப் பரீட்சைத் திணைக்களத்திற் பெற்று, மொழிபெயர்ப்புகளுடன் வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்திக்கொண்டு செல்லுதல் நன்று. அங்கிருந்துகொண்டு இவற்றைப் பெறுவதற்குத் தந்தையார் கொழும்புக்குப் பலமுறை பஸ் ஏற நேரும்.

அடுத்தது, வேலை. உழைத்துப் படிப்பதில் இழிவில்லை. எந்த நாடு எவ்வளவு நேரம் அனுமதிக்கின்றது என்பதை அறியாது உழைப்பதே தீது. இதனை எழுதும் காலத்து விதிகள் இவை: மாணவர் வீசாவிற் பட்டப்படிப்புப் படிப்போர் இங்கிலாந்தில் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேற் செய்தலாகாது. அவுஸ்திரேலியாவில் 2023 யூலை தொடக்கம் இரு வாரத்துக்கு 48 மணித்தியாலம். கனடாவில் 2024 நவம்பர் தொடக்கம் கல்வி நிலையத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணித்தியாலம். யப்பானில் தனியாக அனுமதி பெற்றபின்னரே வாரத்துக்கு 28 மணித்தியாலம். விதிகள் அடிக்கடி மாறுவன. ஆண்டுதோறும் அவ்வவ்வரசின் அறிவித்தலையே பார்த்தல் வேண்டும். அண்ணன் சொன்னான், கூட்டாளி சொன்னான் என்பன சான்றாகா. இரண்டு இடங்களில் வேலை செய்தால் இரண்டையுங் கூட்டியே கணக்கிடுவர். இங்கிலாந்தில் இன்னொரு நுட்பம் உண்டு. மாணவர் அங்கே சுயதொழில் செய்தலாகாது. உணவுப் பொதி கொண்டுசெல்வோரைப் பெரும்பாலும் ஊழியராகக் கொள்ளாது சுயதொழில் செய்வோராகவே கொள்வதால், 20 மணித்தியாலம் அன்று, ஒரு மணித்தியாலமே செய்தாலும் அது விதிமீறல் ஆகும். எமது மாணவன் இதனை அறிந்திருக்கவில்லை. அவனை அனுப்பிவைத்த முகவருஞ் சொல்லவில்லை.

முகவரைப்பற்றி ஒரு சொல். வங்கிக் கணக்கிற் காட்டுவதற்காக ஒருமாதக் கடனாகப் பெருந்தொகையைப் பெற்றுக் காட்டி, வீசா கிடைத்ததும் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் பரவியுள்ளது. காட்டிய பணம் பிள்ளையின் சோற்றுப் பணம் என்பதற்காகவே அவ்விதி வகுக்கப்பட்டது. அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் ஏறுபவன் முதல் மாதமே தவறான வழியை நாடுவான். இதனைப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லுகின்றோம். சிலர் எம்மை வெறுக்கின்றனர்.

தங்குமிடம் பற்றி: முதலாண்டில், செலவு சற்றுக் கூடினும், பல்கலைக்கழக விடுதியே தக்கது. தனியார் வீட்டில் அறை எடுப்பதாயின் நேரிற் பாராத அறைக்கு முற்பணம் அனுப்பலாகாது. படத்தைக் காட்டிப் பணம் பறிப்போர் எந்நாட்டிலும் உளர். இங்கிலாந்தில் வீட்டுக்காரர் பெறும் வைப்புப் பணத்தை 30 நாளுக்குள் அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டமொன்றில் இடவேண்டும் என்பது சட்டம். இட்டாரா என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. அறையிற் குடிபுகும் நாளிலேயே சுவர், மெத்தை, கதவு யாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டால் போகும் நாளில் வழக்கு வாராது. யப்பானில் வதிவிடம் அமைந்த 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிதல் வேண்டும். இந்தியாவுக்குப் படிக்கச் செல்வோரும், அண்டை நாடுதானே என்று இராது, 180 நாளுக்கு மேற்பட்ட வீசாவாயின் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவைச் செய்தல் வேண்டும். அங்கே மொழி ஒன்றாயினும் நாம் அயலாரே.

குளிரைப்பற்றி எம்மவர்க்குள்ள அறிவு மிகக் குறைவு. எமது கரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகையளவில் உள்ளது. ஆண்டு முழுவதும் பகற்பொழுதின் வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படாது. இலண்டனில் மார்கழி மாதத்திற் பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே ஞாயிறு மறையும். பகல் எட்டு மணித்தியாலமே. குளிரைக் காட்டிலும் இவ்விருளே மனத்தைத் தளர்த்துகின்றது என்று பலர் எழுதியுள்ளனர். காரணமின்றி அழுகை வந்தது, எழுந்திருக்க மனமில்லை என்று எழுதியவர்களும் உண்டு, நல்ல திறமைசாலிகள். பகலில் வெளிச்சமிருக்கும் நேரத்தில் ஒரு முறையாவது வெளியே நடத்தல் வேண்டும். உடையை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல மெல்லிய அடுக்குகளாக அணிவதே முறை. ஒரே தடித்த சட்டை பயன்படாது. காலும் காதும் முதலில் மூடப்படவேண்டும். கொழும்பு புறக்கோட்டையிற் பணங்கொடுத்து வாங்கிச் சென்ற மேற்சட்டை முதல் மழையிலேயே நனைந்து கனத்தது என்று இருவர் எழுதினர்; அங்கு சென்று பழையது விற்கும் தருமக் கடைகளில் வாங்குதல் மலிவும் நன்றும் ஆம். நனைந்த துணியை மூடிய அறைக்குள் உலர்த்தினாற் சுவரிற் பூஞ்சணம் பிடிக்கும், இருமல் வரும். போர்வையை எங்கே தேடுவது என்பதை மேலே கூறிவிட்டோம்.

இனி உணவு. எமது பிள்ளைகளுட் பலருக்குச் சோறு வடிக்கத் தெரியாது. ஆண்பிள்ளைகளுக்குத் தெரியாமை பெருமையாகவே கருதப்படுகின்றது. இம்மடமையால் அவர்கள் அங்கே ஒரு நேர உணவுக்கு மூன்று நேரச் செலவைச் செய்கின்றனர். சோறு, பருப்பு, ஒரு கீரை, ஒரு முட்டை அல்லது மீன் என நான்கு சமையல் கற்றவன் பட்டினி கிடக்கமாட்டான். பழஞ்சோறு பற்றி ஒன்று சொல்லவேண்டும். மிஞ்சிய சோற்றை அறையில் அப்படியே வைத்து மறுநாள் உண்பது ஆபத்தானது. அரிசியிலுள்ள ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் இருப்பின் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. விரைவில் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் இடுக. எம் பாட்டிமார் நீரூற்றிப் புளிக்கவைத்த பழஞ்சோற்றை நாம் பழிக்கவில்லை. அதன் பக்குவம் வேறு.

தாய்மார் கட்டிக்கொடுக்கும் கருவாட்டுக்கும் மாசிக்கும் தனியே ஓர் எச்சரிக்கை. அவுஸ்திரேலியாவில் இறங்கும்போது கொண்டுவந்த உணவுப்பொருள் யாவற்றையும் அறிவித்தல் வேண்டும். அறிவித்தால், கூடாததை எடுத்துக்கொண்டு விட்டுவிடுவர். மறைத்தால் தண்டம் விழும். 2021 தொடக்கம் மாணவரின் வீசாவையே இரத்துச்செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஒரு பொதிக் கருவாட்டுக்காக ஒரு பட்டத்தை இழப்பதோ? பொதி பத்திரமாய்ச் சேர்ந்தாலும் வேறொரு வில்லங்கம் உண்டு. எமது பழைய மாணவன் ஒருவன் விடுதிச் சமையலறையிற் கற்பிட்டிக் கருவாட்டைப் பொரித்தான். புகையறியும் கருவி அலறிற்று. நான்கு மாடியிலிருந்த இருநூறு மாணவரும் நள்ளிரவிற் பனியில் இறங்கி நின்றனர். தீயணைப்பு வண்டியும் வந்தது. அவன் இன்று பொறியியலாளன். ஆயினும் அவ்வூரில் அவனைக் கருவாட்டின் பெயராலேயே நினைவுகூர்வர் என்று கேள்வி. தாளிக்கும்போது சன்னலைத் திறந்து கதவை மூடுக.

நோய் வந்தாற் செய்வதை நோய் வருமுன் அறிதல் வேண்டும். இங்கிலாந்து செல்லும் மாணவர் வீசாவுடனேயே ஆண்டுக்கு 776 பவுண் நலக்கட்டணம் செலுத்திவிடுகின்றனர். செலுத்தியும் பலர் அங்கே குடும்ப மருத்துவரிடம் பெயர் பதியாது, பல்வலிக்கும் காய்ச்சலுக்கும் வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரையை விழுங்கிக் கிடக்கின்றனர். சென்ற முதல் வாரத்திலேயே பதிக. அவசர அழைப்பிலக்கங்களையும் மனத்திற் பதித்தல் வேண்டும்: இங்கிலாந்தில் 999, அவுஸ்திரேலியாவில் 000, கனடாவில் 911. யப்பானில் 119 என்று அழைத்தால் நோயாளர் வண்டியும் தீயணைப்பாரும் வருவர். எம்நாட்டில் அதே இலக்கத்துக்குப் பொலிசார் வருவர், நோயாளர் வண்டிக்கு 1990. இராமானுசன் காலத்தில் இவ்வசதிகள் இல்லை. இக்காலத்து மாணவனுக்கு அச்சாட்டு இல்லை.

வகுப்பறையைப்பற்றியும் கூறவேண்டும், இது எம் தொழிலுக்கு நெருங்கியது. அங்கே விரிவுரையாளரைப் பெயர் சொல்லி அழைப்பர். எழுந்து நிற்பதில்லை. விளங்காததை இடைமறித்துக் கேட்பதே நல்ல மாணவனுக்கு அடையாளம். வாய்பொத்தி இருப்பவனை அடக்கமுடையவன் என்று கொள்ளார், ஆயத்தமின்றி வந்தவன் என்பர். இவை ஒரு மாதத்திற் பழகிவிடும். பழகாதது ஒன்று உண்டு. நாம் கொடுத்த குறிப்பை வரி பிசகாது எழுதியவனுக்கே இங்கு நாம் அதிக புள்ளி இட்டோம். அங்கே பிறர் எழுதியதை அவர் பெயர் சுட்டாது எழுதினால் அது களவு. பாடத்திற் சித்தியெய்தாமையன்றிப் பல்கலைக்கழகத்தினின்றும் நீக்கப்படவும் கூடும். எமது மாணவி ஒருத்தி, மனனஞ் செய்த நூற்பகுதியை அப்படியே தன் கட்டுரையில் எழுதி விசாரணைக்கு அழைக்கப்பட்டாள். களவு செய்தாயா என்று கேட்டபோது, "எங்கள் ஊரில் இதற்குப் பரிசு தருவார்கள்" என்று உண்மையைச் சொன்னாள். முதற்குற்றம் என்று எச்சரித்து விட்டனர். அப்பரிசை அவளுக்குக் கொடுத்தவர் நாமே. இப்பொழுது உயர்தர வகுப்பிற் கட்டுரை எழுதும்போது எடுத்த கருத்து எந்நூலில் உள்ளது என்பதையும் எழுதச் செய்கின்றோம். புதுமையாதலின் முணுமுணுக்கின்றனர்.

வீட்டாரோடு பேசும் நேரத்தையும் திட்டஞ் செய்தல் வேண்டும். இலண்டன் எம்மினும் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும் கோடையில் நான்கரை மணித்தியாலமும் பிந்தியது. றொறன்ரோ பத்தரையும் ஒன்பதரையும் பிந்தியது. மெல்பேண் எம்மினும் முந்தியது. கரைவலைக்குச் செல்லும் தந்தை விடியுமுன் எழுவார். அந்நேரம் இலண்டனில் இரவு பத்து மணி. அதுவே எமது ஊர்ப் பிள்ளைகள் பலர் தந்தையுடன் பேசும் நேரம். பெற்றோரும் ஒன்று அறிக. "படிப்பு எப்படி?" என்பதை மட்டும் கேட்டால் "நல்லது" என்ற விடையே வரும். இன்று என்ன சமைத்தாய், யாருடன் உண்டாய், எத்தனை மணிக்குப் படுத்தாய், கையில் எவ்வளவு பணம் உண்டு என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு விடை தாமதித்தால் அன்றிரவே உறவினர் ஒருவரை அனுப்பிப் பார்க்கச் செய்க.

இவ்வாண்டு தொடக்கம் உயர்தரப் பரீட்சை முடித்த மாணவர்க்குச் சனிக்கிழமை காலையில் மனையியற் கூடத்தில் ஒரு வகுப்பு நடத்தி வருகின்றோம். ஆண்களும் பெண்களும் வருகின்றனர். சோறும் பருப்பும் சமைக்கின்றனர். கடவுச்சீட்டு விண்ணப்பத்தை நிரப்பிப் பழகுகின்றனர். கட்டிலொன்றில் அந்நாட்டு முறைப்படி போர்வை செருகி, உருவிப் படுக்கவும் பழகுகின்றனர். விடுமுறையில் வரும் பழைய மாணவர், தாம் அணிந்த குளிர்ச்சட்டைகளை விட்டுச் சென்றால், செல்வோர்க்குக் கடனாகக் கொடுக்கலாம். நூலக அலுமாரியின் கீழ்த்தட்டில் இப்போது நான்கு உள்ளன. அவற்றுள் ஒன்று எவருக்கும் பொருந்தாத பெரியது. செப்தெம்பரில் இங்கிலாந்தும், பெப்புருவரியில் அவுஸ்திரேலியாவும் செல்வோர் பட்டியல் எம்மிடம் உண்டு. அந்நகரங்களில் வாழ்வோர், முதல் வாரத்தில் ஒருநாட் சென்று பார்த்துவர இயலுமாயின், சங்கச் செயலாளருக்கு எழுதுக. எழுத்துப்பிழைகளை நாம் பாரோம்.